கோட்டைக்குள் ஒரு வீடு, டொக்யார்ட்டுக்குள் இன்னொரு வீடு

ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். போன தவணை தரம் 9 பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோட்டைக்குள்ளால் நடந்து போகும்போது, எங்களோடு வந்த ஒருவர் ஒரு பழைய வீட்டைக் காட்டிக் கதை சொன்னார். வெலிங்டன் பிரபு அந்த வீட்டில்தான் காய்ச்சலில் படுத்திருந்தாராம். அதனால் ஏற வேண்டிய கப்பலைத் தவறவிட்டாராம். கப்பல் நடுக்கடலில் தாண்டுபோனதாம். "அந்தக் காய்ச்சல் வந்திராவிட்டால் வாட்டர்லூவில நெப்போலியன் வென்றிருப்பான்" என்று முடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு, ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆங்கிலேய அட்மிரல் இருந்ததும் அதே வீடுதான், அங்கிருந்துதான் சண்டையை நடத்தினார் என்றும் சொன்னார்.

எனக்கு இது இடிக்கிறது. என் அம்மம்மாவின் அப்பா அட்மிரல் பங்களாவில் குசினி வேலை செய்தவர். அம்மம்மாவுக்கு 90 வயதாகப் போகிறது. பங்களா டொக்யார்ட்டுக்குள் இருந்தது, கோட்டைக்குள் இல்லை என்கிறா. குண்டு விழுந்த அன்று "வருசத்துக்கு இடிச்சு வைச்ச மாவையும் விட்டிட்டு ஓடினனாங்கள்" என்கிறா. எண்ணெய்த் தாங்கி ஏழு நாள் எரிந்ததாம். அட்மிரல் அன்றைக்கு ஊரில் இல்லை என்றும் அடித்துச் சொல்கிறா. "துரை நிண்டிருந்தால் அப்பாவுக்கு லீவு கிடைச்சிராது" என்பது அவவின் நியாயம்.

எது சரி ஐயா? வகுப்பில் எதைச் சொல்வது? இன்னொன்று. ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கோயிலை இடிச்ச கல்லில கோட்டை கட்டினாங்கள். அதுக்குள்ள வெள்ளைக்காரன் வீடு கட்டினான். அவன் அங்க படுத்தால் என்ன, எழும்பினால் என்ன, எங்களுக்கு என்ன?" எனக்குப் பதில் வரவில்லை.

ந., திருகோணமலை

—

அன்புள்ள ந.,

அம்மம்மா சொல்வதுதான் சரி. உங்களோடு வந்தவர் இரண்டு வீட்டை ஒரு வீடாக்கி, இடையில் கிடந்த 140 வருசத்தையும் மடித்து வைத்துவிட்டார். கதை சொல்பவர்களுக்கு அது வசதி. நடக்கும் தூரம் குறைகிறது.

கோட்டைக்குள் இருப்பது, பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியின் பெயரால் சொல்லப்படும் வீடு. பிரட்ரிக் கோட்டை முழுவதும் இராணுவ முகாமாக இருப்பதால், கோயிலுக்குப் போகும் சனம் அதை வெளியில் நின்று பார்த்துவிட்டு, மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போகிறது. உங்கள் வீட்டில் அட்மிரல் பங்களா என்று சொல்வது வேறு கட்டடம். அது கோட்டைக்குத் தெற்கே, டச்சுக் குடாவையும் தாண்டி, ஒஸ்டன்பேர்க் குன்றுப் பக்கம், உட்துறைமுகக் கரையில் உள்ள கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலேயக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுத் தலைவருக்குரிய உத்தியோக வாசஸ்தலம் அது. 1957 ஒக்டோபர் 15 அன்று தளம் இலங்கையிடம் கைமாறியபோது வீடும் சேர்ந்து கைமாறியது. இப்போது அதற்கு நேவி ஹவுஸ் என்று பெயர். வளவில் நிற்கும் ஆலமரம் வீட்டைவிடப் பேர்போனது.

இரண்டு வீட்டின் கதைக்கும் போகுமுன், இந்த ஊருக்காக ஏன் இத்தனை பேர் அடிபட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நம் பாடப்புத்தகங்கள் "இயற்கைத் துறைமுகம்" என்று ஒரு சொல்லோடு அதைக் கடந்துவிடுகின்றன. அந்தச் சொல்லை மனனம் செய்த பிள்ளைக்கு எதுவும் விளங்குவதில்லை. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதும், சென்னை உட்பட, கப்பல் ஒதுங்கிக் கிடக்க நல்ல இடம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் கிளம்பினால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். அது தற்கொலைக்குச் சமம். ஆகவே ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் அந்தக் கரையைவிட்டு, இந்தியாவின் மறுபக்கம் பம்பாய்வரை சுற்றிப் போய்ப் பழுதுபார்த்துத் திரும்பின. அவை திரும்பி வரும்வரை கரையில் எதிரி என்ன செய்தாலும் தடுக்க ஆளில்லை. இந்தப் பக்கக் கடலில், எந்தக் காற்றடித்தாலும் ஒரு முழுக் கப்பற்படையையும் உள்ளே இழுத்து மறைத்து வைக்கக்கூடிய ஆழமான இடம் திருகோணமலைதான். சென்னையை வைத்திருப்பவனுக்குத் திருகோணமலை எதிரியின் கையில் இருந்தால் நித்திரை வராது.

1782ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் இந்த ஊரை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பிடித்தார். சில நாளில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் கப்பல்களோடு வந்து சேர, செப்டெம்பர் 3 அன்று வெளிக்கடலில் பெரிய சண்டை நடந்தது. கோட்டைக் கொடி மாறவில்லை. பிறகு ஐரோப்பாவில் சமாதானம் பேசி, ஊரை மறுபடி ஒல்லாந்தரிடமே கொடுத்தார்கள். இத்தனைக்கும் இடையில் இங்கே இருந்த சனத்தை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. 1795 ஓகஸ்டில் வந்த ஆங்கிலேயர்தான் 1957வரை போகாமல் இருந்தார்கள்.

இனி வெல்லஸ்லி. 1800 டிசெம்பரில் இங்கு வந்து இறங்கியபோது அவர் வெலிங்டன் பிரபு அல்ல, 31 வயதுக் கேணல். முந்தைய ஆண்டு திப்பு சுல்தான் விழுந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். அண்ணன் ஒரு படையைச் சேர்த்து, தம்பியைத் தலைவராக்கித் திருகோணமலையில் நிற்கச் சொன்னார். படை எங்கே போவது என்பது மட்டும் முடிவாகவில்லை. பிரெஞ்சுக்காரரின் மொரீஷியஸைப் பிடிக்கவா, ஜாவாவில் ஒல்லாந்தரின் பத்தாவியாவுக்கா என்று பேச்சு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் எகிப்து என்றார்கள். நெப்போலியன் விட்டுவிட்டுப் போன பிரெஞ்சுப் படை அங்கே இன்னும் நின்றது. அதைச் செங்கடல் பக்கத்திலிருந்து நெருக்க வேண்டும்.

உங்கள் வழிகாட்டி இந்த இடத்தில்தான் நல்ல கதையைக் கைவிட்டுவிட்டு மலிவான கதையைப் பிடித்துக்கொண்டார். 1801 பெப்ரவரியில் எகிப்துச் செய்தி கிடைத்ததும், முறையான கட்டளை வரும்வரை வெல்லஸ்லி காத்திருக்கவில்லை. படையைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். செங்கடலுக்குப் போவதென்றால் சாப்பாட்டுச் சாமான் பம்பாயில்தான் எடுக்கலாம், பருவக்காற்று திரும்பிவிட்டால் செங்கடலுக்குள் ஏறவே முடியாது என்பது அவரது கணக்கு. கணக்கு நியாயமானது. ஆனால் கட்டளை இல்லாமல் கிளம்பியது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அதோடு, மூத்த அதிகாரியான டேவிட் பெயர்டைத் தலைவராகப் போட்டு, தம்பியை இரண்டாம் இடத்துக்கு இறக்கியாயிற்று. தம்பி அண்ணனை இதற்காக லேசில் மன்னிக்கவில்லை.

காய்ச்சல் வந்தது பம்பாயில். அதோடு உடம்பெல்லாம் ஒரு சொறியும் வந்தது. பெயர்டோடு கிளம்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய சுசானா என்ற கப்பல் செங்கடல் பயணத்தில் ஆட்களோடு தாண்டுபோனது. ஆக, காய்ச்சல் மெய், கப்பல் தப்பியதும் மெய், கட்டில் மட்டும் திருகோணமலையில் இருக்கவில்லை. வாட்டர்லூவின் புகழை நம்மூர் நுளம்புக்குக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நுளம்பு பம்பாய்க்காரருடையது.

இதை வெறும் பிழைதிருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, யார் இங்கே படுத்தார் என்று சொல்வது ஒரு வகை. இங்கே இருந்தபோது என்ன முடிவு எடுத்தார், அந்த முடிவு யார் தலையில் விழுந்தது என்று சொல்வது இன்னொரு வகை. முதல் வகையில் பிள்ளைகள் கை தட்டுவார்கள். இரண்டாம் வகையில் கேள்வி கேட்பார்கள். கேணல் பம்பாயில் படுத்துக்கொண்டார், சரி. அவர் இங்கே சேர்த்து வைத்திருந்த படை என்னவாயிற்று? அதில் ஆங்கிலேயர் மட்டுமல்ல, இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பெயர்டின் கீழ் அந்தப் படை செங்கடல் கரையில் குசைர் என்ற இடத்தில் இறங்கி, பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்து நைல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கிருந்து படகில் வடக்கே இறங்கியது. அவர்கள் போய்ச் சேரும்போது யுத்தம் ஏறக்குறைய முடிந்திருந்தது. திருகோணமலையில் கப்பல் ஏறி, எகிப்தின் பாலைவனத்தில் தண்ணீர் தேடி நடந்த அந்தச் சிப்பாயைப் பற்றிக் கோட்டையில் யாரும் கதை சொல்வதில்லை. தரம் 9 பிள்ளைக்கு ஒரு வரைபடத்தைக் கொடுத்து, திருகோணமலை, பம்பாய், குசைர், நைல் என்று கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பாட நேரம் போதாது.

காய்ச்சலும் யுத்தமும் வீடும் சேர்ந்த கதைதான் வேண்டுமென்றால் டொக்யார்ட் பக்கம் உண்மையானது ஒன்று இருக்கிறது. சார்ல்ஸ் ஓஸ்டின் என்ற ரியர் அட்மிரல் 1850இலிருந்து கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தலைவர். 1852இல் இரண்டாம் பர்மா யுத்தம் வந்தபோது அவருக்கு 72 வயது. அந்த வயதில் வீட்டில் இருந்து கடிதம் எழுதியிருக்கலாம். அவர் நீராவிக் கப்பலில் ஐராவதி ஆற்றுக்குள் போனார். ஒக்டோபரில் வாந்திபேதியில் அங்கேயே செத்தார். உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். நகரத்துப் பழைய ஆங்கிலேய மயானத்தில் கல்லறை இருக்கிறது. அதைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் அனேகர் தம்பியை அறியாதவர்கள். அவர்கள் வாசித்தது அக்கா ஜேன் ஓஸ்டினின் நாவல்களை. உங்கள் பாடசாலையில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாராவது கண்டுபிடிப்பார்கள்.

1942க்கு வருகிறேன். உங்கள் அம்மம்மாவின் சாட்சியம் எவ்வளவு கெட்டியானது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையில் போட்டது ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை. சித்திரை வருசத்துக்கு நாலைந்து நாள் இருந்தது. அதாவது மா இடித்து வைத்திருக்க வேண்டிய சரியான வாரம். எந்த ஆவணமும் பார்க்காத ஒரு கிழவி, மாவை வைத்துத் திகதி சொல்கிறா. வகுப்பில் வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடம் எடுப்பீர்களானால், இதைவிட நல்ல உதாரணம் நான் தேடித் தர முடியாது.

துரை ஊரில் இல்லை என்பதும் சரி. ஆங்கிலேயக் கிழக்குக் கப்பற்படையின் தலைவர் அட்மிரல் ஜேம்ஸ் சொமவில் அன்றைக்குக் கடலில் இருந்தார். மாலைதீவின் தென்கோடியில் அட்டு என்ற பவளத்தீவில் ஆங்கிலேயர் ரகசியமாக ஒரு தளம் வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. கப்பல்களை அவர் அந்தப் பக்கம்தான் வைத்திருந்தார். பேர்ள் ஹார்பரில் நடந்ததுபோல, துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் கப்பற்படையை ஒரே காலையில் முடிக்கலாம் என்று ஜப்பானிய அட்மிரல் நகுமோ வந்தார். பேர்ள் ஹார்பரில் விமானங்களை நடத்திய அதே புசிதாதான் இங்கும் நடத்தினார். 90க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள், காவலுக்கு 40 அளவில் சண்டை விமானங்கள். உள்ளே வந்து பார்த்தால் கப்பற்படையைக் காணவில்லை.

அட்மிரல் அங்கிருந்து சண்டையை நடத்தினார் என்ற கதை இதனால் அடிபட்டுப் போகிறது. ஆனால் அன்றைய உண்மையான முடிவு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் 1942ஐச் சொல்ல முடியாது. முதல் நாள், ஏப்ரல் 8 பிற்பகல், ஒரு கடல்விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பியது. உடனே திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொல்லி உத்தரவு. கட்டிக்கிடந்தால் அழிவு என்பது நாலு மாதத்துக்கு முன் பேர்ள் ஹார்பர் படிப்பித்த பாடம். விமானந்தாங்கி ஹேர்மிஸ் இரவோடு இரவாக வெளிக்கிட்டுக் கரையோரமாகத் தெற்கே போனது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. எல்லாம் கரையில் இறக்கப்பட்டிருந்தன. துணைக்கு அவுஸ்திரேலிய நாசகாரி வாம்பயர்.

காலையில் திருகோணமலை மேல் குண்டு விழுந்து முடிந்தது. ஆபத்து போய்விட்டது என்று எண்ணி ஹேர்மிஸைத் திரும்பி வரச் சொன்னார்கள். அதற்குள் ஒரு ஜப்பானிய வேவு விமானம் அதைக் கண்டுவிட்டது. மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில், முற்பகல் 11 மணிக்கு முன்பே கப்பல் அடியில் போய்விட்டது. 307 பேர் செத்தார்கள். காப்பாற்றப் பறந்திருக்க வேண்டிய ஹரிகேன் விமானங்கள் சீனக்குடாவில் காலைச் சண்டையில் ஏற்கெனவே பாதிபோலச் சிதைந்திருந்தன. கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த விமானங்கள் வந்து சேர நேரம் போய்விட்டது. தற்செயலாக அந்தப் பக்கம் போன வீட்டா என்ற மருத்துவக் கப்பல்தான் தண்ணீரில் கிடந்த நூற்றுக்கணக்கானவர்களை அள்ளி எடுத்தது. வாம்பயரும் போனது. ஹொலிஹொக் என்ற சிறிய காவல் கப்பலும், அதன் காவலில் வந்த அதெல்ஸ்டேனும், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் போயின. எல்லாம் பாதுகாப்புக்கென்று திருகோணமலையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவை. உள்ளே நின்ற எரிபஸ் என்ற பழைய பீரங்கிக் கப்பல் அடிவாங்கியும் மிதந்தது. சகாயிங் என்ற பயணிகள் சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் தீப்பிடித்தது. பிற்காலத்தில் அதை வேண்டுமென்றே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018இல் இலங்கைக் கடற்படை அதை நீருக்கு மேல் எழுப்பி எடுத்தது.

உத்தரவிட்டவனை முட்டாள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லவிட்டு, ஏப்ரல் 8 பின்னேரம் அவனுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று எழுதச் சொல்லுங்கள். நான் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வா என்று அவசரப்பட்டுச் சொன்னதைத்தான் குறை சொல்வேன். வானத்தில் காவல் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் கரையோரமாகத் திருப்பி அழைத்தது கண்டிப்பாகப் பிழை. இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

எண்ணெய்த் தாங்கி பற்றி ஒரு சொல். கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபின், உலக யுத்தங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவில் 100 அளவில் தாங்கிகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 9ஆம் திகதி காலை ஒரு ஜப்பானிய விமானம் அவற்றில் ஒன்றின் மேல் விழுந்தது. தாங்கி நாள்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்த இரும்பு இன்றைக்கும் அந்த இடத்தில் கிடக்கிறது. மூன்று விமானிகள் வேண்டுமென்றே மோதினார்கள் என்று ஒரு வீரக்கதை உண்டு. நான் அதை நம்பத் தயாரில்லை. அடிபட்ட விமானம் எங்கே விழுவது என்று விமானி தெரிவு செய்வது அபூர்வம். அம்மம்மாவின் ஏழு நாள் கணக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதை அப்படியே எழுதுங்கள்.

அதற்குப் பின் கப்பற்படை ஆபிரிக்கக் கரைக்கு, கென்யாவின் மொம்பாசாவுக்குப் போய்விட்டது. அட்மிரல் பங்களாவுக்கும் டொக்யார்ட்டுக்கும் மறுபடி உயிர் வந்தது 1944இல். ஜனவரி தொடக்கம் குயீன் எலிசபெத், வலியன்ட், ரினௌன் போன்ற பெருங்கப்பல்கள் வந்தன. அமெரிக்க விமானந்தாங்கி சரட்டோகாவும் வந்தது. ஏப்ரலில் இங்கிருந்து கிளம்பித்தான் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கினார்கள். உங்கள் பூட்டனார் குசினியில் வியர்த்து வழிந்த காலம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். விருந்தாளி வராத நாள் இருந்திராது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 8 அன்று எதிரி யாரும் இல்லாமலே ஒரு அழிவும் நடந்தது. மிதக்கும் தளமேடையில் வலியன்டை ஏற்றித் தூக்கிக்கொண்டிருக்கும்போது, நீரை வெளியேற்றிய ஒழுங்கு பிழைத்து மேடை முறிந்து தாண்டது. கப்பல் சேதத்தோடு தப்பியது. ஜப்பானியரால் முடியாததைக் கணக்குப் பிழை செய்தது. அம்மம்மாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். டொக்யார்ட் குடும்பங்களில் இது பேசப்படாமல் இருந்திருக்காது.

இப்போது உங்கள் மாணவியின் கேள்வி. அவள் கேட்டதில் பாதி சரி. வெல்லஸ்லி படுத்தால் என்ன, எழும்பினால் என்ன, அதில் நமக்கு ஒன்றும் இல்லை. கோட்டை வாசலில் இரட்டை மீனும் தமிழ்க் கல்வெட்டும் செதுக்கிய கல் நிற்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய கதைக்குச் சாட்சி அது. அதைத் தாண்டி உள்ளே போகும் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் வீட்டைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் "எங்களுக்கு என்ன" என்ற மறுபாதியோடு நான் ஒத்துப்போகவில்லை. அவளுடைய வகுப்பில் எத்தனை குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததே டொக்யார்ட் சம்பளத்தால் என்று கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர், மலையாளத்திலிருந்து வந்த தொழிலாளி, கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து சாமான் விற்றவர், கப்பல் பழுதுபார்க்க இரும்படித்தவர். யாருடைய யுத்தமாக இருந்தாலும் உலை கொதித்தது அந்தக் கூலியில்தான். தளம் போனபோது உலையும் ஆட்டம் கண்டது. அந்த எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2022 ஜனவரியில் இந்தியாவோடு புது ஒப்பந்தம் எழுதினார்கள். அதைப் பற்றி ஊரில் யாரையும் கேட்டார்களா என்று அவள் கேட்கட்டும். 1782இலிருந்து அந்தக் கேள்விக்கு வயது எண்ணலாம். இதையெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிட்டால், நம் ஊரின் பாதிக் கதையை அவனுக்கே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்த முறை கூட்டிப்போகும்போது வழியை மாற்றுங்கள். கோட்டையில் வீட்டைக் காட்டி ஐந்து நிமிசம், வாசல் கல்லுக்கு அரை மணி. பிறகு ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் வீடு. அது இப்போது கடற்படை வரலாற்று அருங்காட்சியகம், பிள்ளைகள் உள்ளே போய்ச் சுவரையும் கூரையையும் பார்க்கக்கூடிய பழைய வீடு அதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானம். கல்லறைகளில் வயதுகளை வாசிக்கச் சொல்லுங்கள். உயர்தரம் படிக்கும் அண்ணன்மாரைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. ஹேர்மிஸோடு போனவர்களில் பெரும்பாலோரை அங்கே தேட வேண்டாம், அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நேவி ஹவுஸ் தளத்துக்குள் இருப்பதால் அதிபர் மூலம் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். ஒஸ்டன்பேர்க்கில் உள்ள ஹூட் கோபுர அருங்காட்சியகத்தையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். தாங்கி வளவுக்கு அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள்.

அதற்கெல்லாம் முதல் அம்மம்மாவிடம் போங்கள். பங்களா எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், சிறுபிள்ளையாக அவ அதை உள்ளே போய்ப் பார்த்திருக்கமாட்டா. அப்பா எந்த வாசலால் போய்வந்தார், பாஸ் காட்ட வேண்டியிருந்ததா, இரவில் வீட்டுக்கு வந்தாரா, மிஞ்சிய பாண் வீட்டுக்கு வந்ததா, சம்பளம் கிழமைக்கா மாதத்துக்கா என்று கேளுங்கள். ஓடிய அன்று எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், எப்போது திரும்பினார்கள், திரும்பி வந்தபோது அந்த மா இருந்ததா. 1957இல் அப்பாவுக்கு என்ன நடந்தது. அந்தக் கேள்வி கேட்ட மாணவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களைவிட அவள் நன்றாகக் கேட்பாள். போனில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இந்த வெயிலுக்கு அம்மம்மா முறைப்பா. ஆனால் விசிறி ஓடினால் அவவின் குரல் ஒன்றும் விளங்காது.